ஹெரால்டு சேசி, எம்ஜி உடம்பு: செல்ஃப் சுற்றுகிறது, ஸ்பார்க் இல்லை

பள்ளத்தூர்க்காரன் | வெள்ளி, இரவு 9.40

எல்லோருக்கும் வணக்கம். வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு சேசி, 948 சிசி இன்ஜின், மேலே எம்ஜி டிஎஃப் (பழைய இங்கிலாந்து ஸ்போர்ட்ஸ் கார்) சாயலில் ஃபைபர் உடம்பு, இரண்டு சீட். எங்கள் அய்யா வாங்கிய ஹெரால்டு இது. தகரம் முழுக்கத் துருப்பிடித்து உதிர்ந்துவிட்டது, சேசியும் இன்ஜினும் மட்டும் உருப்படியாக இருந்தன. வெளியூர்ப் பட்டறை ஒன்றில் கொடுத்து இப்படி ஆக்கினோம். டேஷ்போர்டு பர்மா தேக்கு. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் வாங்கிய பழைய கதவுப் பலகை.

போன வாரம் குன்றக்குடி போய்விட்டுத் திரும்பும் வழியில், ஆக்ஸிலேட்டரை விட்டு மறுபடி மிதிக்கும்போதெல்லாம் வண்டி இருமியது. கோட்டையூர் தாண்டியதும் சட்டென்று நின்றுவிட்டது. கயிறு கட்டித்தான் வீட்டுக்கு இழுத்து வந்தோம். மறுநாள் மெக்கானிக் வந்து பிளக், பாயிண்ட் (காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் சுவிட்ச்), கண்டன்சர், ரோட்டர், டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியைப் பிளக்குகளுக்குப் பிரித்து அனுப்புவது) கேப் எல்லாம் புதிதாகப் போட்டார். ஸ்பார்க் இல்லை. 12 வோல்ட்டைப் பல ஆயிரம் வோல்ட் ஆக்கும் காயிலையும் மாற்றினார். அப்போதும் இல்லை. இப்போது "பாயிண்டைத் தூக்கிவிட்டு எலக்ட்ரானிக் செட் போட்டுவிடலாம்" என்கிறார்.

செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, பெட்ரோலும் வருகிறது. ஆவணியில் தங்கை கல்யாணம். மாப்பிள்ளை அழைப்புக்கு இந்த வண்டிதான் என்று அப்பச்சி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறார்கள். எங்கிருந்து ஆரம்பிப்பது?

ரோட்டோர ராஜா | வெள்ளி, இரவு 9.58

இப்போது வரும் பெட்ரோலில் எத்தனால் கலக்கிறார்கள், பழைய கார்புரேட்டருக்கு ஆகாது. டேங்கைக் காலி செய்து கழுவுங்கள், சரியாகிவிடும்.

கோட்டையூர் 1100 | வெள்ளி, இரவு 10.05

ஸ்பார்க் இல்லை என்கிறார், நீங்கள் டேங்கைக் கழுவச் சொல்கிறீர்கள். டேங்கில் பன்னீரே ஊற்றினாலும் பிளக்கில் பொறி வராது ராஜா.

தேவகோட்டை பட்டறை | வெள்ளி, இரவு 10.50

தம்பி, இனிமேல் ஒரு பொருளும் வாங்க வேண்டாம். இதுவரை மாற்றியதே போதும். கழற்றிய பழைய சாமான் எதையும் எடைக்குப் போட்டுவிடாதீர்கள், ஒரு டப்பாவில் போட்டு வையுங்கள்.

முதலில் ஸ்பார்க் எங்கே இல்லை என்று பாருங்கள். பிளக்கில் இல்லை என்பதும் காயிலிலேயே இல்லை என்பதும் ஒன்றல்ல. கேப்பின் நடுவில் இருக்கும் தடித்த வயரைப் பிடுங்கி, அதன் முனை இன்ஜின் பிளாக்கிலிருந்து கால் அங்குலம் தள்ளி இருக்கும்படி, ரப்பர் பிடி போட்ட பிளையரால் பிடியுங்கள். கையால் பிடிக்காதீர்கள். ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். நீலப் பொறி பாய்ந்தால் காயில் வரை எல்லாம் சரி, கோளாறு ரோட்டர், கேப், பிளக் வயர் பக்கம். பொறி இல்லையென்றால் கோளாறு காயிலுக்கு முன்னால், அதாவது 12 வோல்ட் ஓடும் பக்கம். பெரும்பாலும் இதுதான் வரும்.

அப்படி வந்தால் ஒரு மல்டிமீட்டர் போதும். அதுவும் இல்லையென்றால் பார்க்கிங் விளக்கு பல்பில் இரண்டு வயர் பற்றவைத்துக்கொள்ளுங்கள். காயிலில் இரண்டு சிறிய டெர்மினல் இருக்கும். பழைய காயிலில் எஸ்டபிள்யூ (சுவிட்ச் பக்கம்), சிபி (டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம்) என்று பொறித்திருக்கும், புதியதில் பிளஸ், மைனஸ். சாவியைப் போட்டுவிட்டு மீட்டரின் கறுப்பு முனையை இன்ஜினில் வைத்து இரண்டு டெர்மினலையும் அளங்கள். பாயிண்ட் மூடியிருக்கும்போது ஒரு தடவை, ஃபேன் பெல்ட்டைக் கையால் இழுத்து இன்ஜினை மெல்லச் சுற்றி, பாயிண்ட் திறந்திருக்கும்போது ஒரு தடவை. (பிளக்கைக் கழற்றிவிட்டால் சுற்றுவது சுலபம்.)

சுவிட்ச் பக்கத்தில் எப்போதும் பேட்டரி வோல்ட் இருக்க வேண்டும். இல்லையென்றால் சாவி, ஃபியூஸ், வயர் என்று பின்னோக்கிப் போங்கள். டிஸ்ட்ரிபியூட்டர் பக்கத்தில் பாயிண்ட் மூடினால் கிட்டத்தட்ட பூஜ்யம், திறந்தால் 12. இப்படி மாறி மாறி வந்தால் ஆரோக்கியம். எப்போதும் 12 என்றால் காயிலிலிருந்து எர்த்துக்கு, அதாவது பேட்டரி நெகட்டிவுக்கு, போகும் வழி எங்கோ அறுந்திருக்கிறது. எப்போதும் பூஜ்யம் என்றால் எங்கோ எர்த் ஆகிவிட்டது, அல்லது காயிலுக்குள்ளேயே அறுந்துவிட்டது.

ஆக்ஸிலேட்டரை விட்டு மிதிக்கும்போது இருமியது என்று எழுதியிருக்கிறீர்கள். அதை மறக்காதீர்கள், பிறகு வருகிறேன்.

ஈப்போ ரிட்டர்ன் | சனி, காலை 6.15

ஃபைபர் உடம்பில் எர்த் கிடையாதே? தகர உடம்பென்றால் எங்கே போல்ட் போட்டாலும் நெகட்டிவ் கிடைக்கும். ஃபைபரிலும் தேக்கிலும் ஒவ்வொரு மீட்டருக்கும் தனி எர்த் வயர் இழுக்க வேண்டும். அங்கே பாருங்கள்.

தேவகோட்டை பட்டறை | சனி, காலை 7.30

நல்ல கேள்வி அண்ணே. ஹாரனும் விளக்கும் எரியவில்லையென்றால் நானும் முதலில் அங்கேதான் போவேன். ஆனால் காயில் பாயிண்ட் வழியாக, டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பு வழியாக, இன்ஜின் பிளாக்கில்தான் எர்த் ஆகிறது. பிளாக்கிலிருந்து பேட்டரிக்குப் போகும் பட்டை சரியில்லையென்றால் செல்ஃப் இப்படிச் சுற்றாது. நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கிற மோட்டாரே ஓடுகிறது என்றால், 4 ஆம்பியர் கேட்கிற காயிலுக்கு அந்தப் பட்டை தாராளம்.

இயற்பியல் வாத்தியார் | சனி, காலை 9.10

மேலே சொன்ன மாறி மாறி வரும் 12-க்குக் காரணம் தெரிந்தால் அளப்பது சுலபமாக இருக்கும்.

காயிலுக்குள் இரண்டு சுற்று. தடித்த கம்பியில் சில நூறு சுற்று, அதன் தடை ஏறக்குறைய 3 ஓம்ஸ். மெல்லிய கம்பியில் பல ஆயிரம் சுற்று. பாயிண்ட் மூடியிருக்கும்போது தடித்த சுற்றில் 4 ஆம்பியர் ஓடி இரும்பு மையத்தில் காந்தப் புலம் சேர்கிறது. பாயிண்ட் திறந்த கணத்தில் கரண்ட் நிற்கிறது, புலம் சரிகிறது, மெல்லிய சுற்றில் பல ஆயிரம் வோல்ட் எழும்புகிறது. வேகமாக ஓடும் தண்ணீரைச் சட்டென்று அடைத்தால் குழாய் அதிர்கிறதே, அந்த மாதிரி. ஆக, பாயிண்ட் திறப்பதில்தான் பொறி இருக்கிறது. எப்போதும் மூடியே இருந்தாலும் பொறி இல்லை, எப்போதும் திறந்தே இருந்தாலும் இல்லை.

கண்டன்சர் எதற்கு என்று பலர் கேட்பார்கள். திறக்கும் நேரத்தில் பாயிண்டின் இடைவெளியிலேயே கரண்ட் பாய்ந்துவிடாமல் அதை வாங்கிக்கொள்வதற்கு. அளவு ஏறக்குறைய 0.2 மைக்ரோஃபாரட். அது கெட்டால் பாயிண்ட் கருகும், பொறி மஞ்சளாக மெலியும். உள்ளே ஷார்ட் ஆனால் பொறியே வராது.

அமெரிக்கப் பொறியாளர் சார்லஸ் கெட்டரிங் இந்த முறையைச் செல்ஃப் ஸ்டார்ட்டரோடு சேர்த்து 1912 காடிலாக்கில் கொடுத்தார். உங்கள் அய்யா ஹெரால்டில் ஓட்டியதும் அதேதான். நீங்கள் போட்ட புதுக் காயிலின் ஓம்ஸையும் அளந்து எழுதுங்கள். அளக்கும் முன் மீட்டரின் இரண்டு முனையையும் ஒன்றோடொன்று தொடவிட்டு, அது காட்டுவதைக் கழித்துக்கொள்ளுங்கள். மலிவு மீட்டரில் வயரே 0.3 காட்டும்.

பள்ளத்தூர்க்காரன் | சனி, மதியம் 1.20

அண்ணே, சார், இருவருக்கும் நன்றி. அளந்தேன்.

நடு வயரில் பொறி இல்லை. சுவிட்ச் பக்கம் 12.4, பாயிண்ட் மூடினாலும் திறந்தாலும் அதே. சிபி பக்கம் பாயிண்ட் மூடியிருக்கும்போது பூஜ்யம், திறந்திருக்கும்போதும் பூஜ்யம். நன்றாகத் திறந்திருக்கிறது, இடையில் ஃபீலர் தகடு (இடைவெளி அளக்கும் தகடு) போய் வருகிறது.

சிபி டெர்மினலில் இரண்டு வயர் இருக்கின்றன. ஒன்று டிஸ்ட்ரிபியூட்டருக்குப் போகிறது, இன்னொன்று டேஷ்போர்டு பக்கம். பட்டறையில் எல்லாவற்றுக்கும் சிவப்பு வயரே போட்டிருக்கிறார்கள், எது எதற்கென்று தெரியவில்லை.

கோட்டையூர் 1100 | சனி, மதியம் 1.45

எல்லாம் சிவப்பு! லூக்காஸ் (இங்கிலாந்து எலக்ட்ரிக்கல் கம்பெனி) முறையில் சாவியிலிருந்து காயிலுக்கு வெள்ளை, காயிலிலிருந்து டிஸ்ட்ரிபியூட்டருக்கு வெள்ளையில் கறுப்புக் கோடு. எத்தனை பழைய வண்டியைத் திறந்தாலும் அதை வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு தேடலாம். ஒரே நிறத்தில் போடுகிறவர்களுக்கு அவர்கள் வயர் பண்ணிய வண்டியையே இருட்டில் ரிப்பேர் செய்யக் கொடுக்க வேண்டும்.

தேவகோட்டை பட்டறை | சனி, மதியம் 2.15

டேஷ்போர்டுக்குப் போவது ஆர்பிஎம் மீட்டர் (இன்ஜின் சுற்று வேகம் காட்டுவது) வயர். ஸ்போர்ட்ஸ் மாடல் என்றால் அது கட்டாயம் இருக்கும். முதலில் அதை மட்டும் கழற்றிவிட்டு அளங்கள். அந்த வயர் எங்காவது நசுங்கி எர்த் ஆனாலும், மீட்டருக்குள் ஷார்ட் ஆனாலும் காயில் செத்த மாதிரிதான் நிற்கும். பாயிண்ட் எத்தனை தடவை மாற்றினாலும் வராது.

அப்போதும் பூஜ்யம் என்றால் டிஸ்ட்ரிபியூட்டர் வயரையும் கழற்றுங்கள். இப்போது சிபி-யில் எதுவும் இல்லை, மீட்டர் முனை மட்டும். 12 வந்தால் காயில் நல்லது, எர்த் டிஸ்ட்ரிபியூட்டருக்குள். வராவிட்டால் காயில் போச்சு.

பள்ளத்தூர்க்காரன் | சனி, மாலை 4.05

ஆர்பிஎம் வயரைக் கழற்றினேன், பூஜ்யம். டிஸ்ட்ரிபியூட்டர் வயரைக் கழற்றினேன், 12.4!

தேவகோட்டை பட்டறை | சனி, மாலை 4.30

பிடித்துவிட்டோம். கேப்பையும் ரோட்டரையும் கழற்றி, பாயிண்டின் ஸ்பிரிங் வந்து முடியும் கம்பத்தைப் பாருங்கள். அதன் மேல் சிறிய நட்டு. அதற்கு அடியில் தொப்பி வடிவத்தில் ஒரு நைலான் புஷ் இருக்க வேண்டும், மிளகுக்குக் கொஞ்சம் பெரிய சைஸ். அந்தத் தொப்பியின் குழாய்ப் பகுதி மூன்று வளையங்களுக்குள் இறங்க வேண்டும்: பாயிண்ட் ஸ்பிரிங்கின் கண், கண்டன்சர் வயரின் வளையம், வெளியிலிருந்து வரும் வயரின் வளையம். தொப்பியின் விளிம்பு நட்டுக்கும் இவற்றுக்கும் நடுவில். மூன்றும் ஒன்றையொன்று தொட வேண்டும், ஆனால் எதுவும் கம்பத்தையோ நட்டையோ தொடக்கூடாது. கம்பமும் நட்டும் எர்த். கிட்டே போய் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.

பள்ளத்தூர்க்காரன் | சனி, மாலை 5.10

படம் போட்டிருக்கிறேன். ஸ்பிரிங்கும் கண்டன்சர் வளையமும் தொப்பிக்குக் கீழே இருக்கின்றன. வெளி வயரின் வளையம் மட்டும் தொப்பிக்கு மேலே, நட்டுக்கு நேர் அடியில்.

தேவகோட்டை பட்டறை | சனி, மாலை 5.20

அதுதான். வரும் கரண்ட் முழுவதும் நேராக நட்டு வழியாக எர்த்துக்குப் போய்விடுகிறது, பாயிண்ட் திறந்தால் என்ன, மூடினால் என்ன. பாயிண்ட் மாற்றும் அவசரத்தில் நடப்பது. கழற்றி வரிசையாகப் போடுங்கள். பாயிண்ட் இடைவெளி 0.4 மில்லிமீட்டர், பிளக் இடைவெளி 0.64.

பள்ளத்தூர்க்காரன் | சனி, இரவு 7.45

அண்ணே, ஸ்பார்க் வந்துவிட்டது! முதல் செல்ஃபிலேயே பிடித்துக்கொண்டது. ஆத்தா கற்பூரம் காட்டிவிட்டார்கள்.

சென்னை கிளாசிக் | சனி, இரவு 8.30

வாழ்த்துகள். ஆனால் 0.4 மில்லிமீட்டருக்கும் மிளகு சைஸ் புஷ்ஷுக்கும் பயந்துகொண்டு எத்தனை நாள் ஓட்டப் போகிறீர்கள்? எலக்ட்ரானிக் மாட்யூல் போட்டால் பாயிண்ட் இல்லை, கண்டன்சர் இல்லை, அந்தக் கம்பமே தேவையில்லை. உங்கள் மெக்கானிக் சொன்னது தப்பில்லை.

தேவகோட்டை பட்டறை | சனி, இரவு 9.00

மாட்யூல் கெட்ட பொருள் என்று நான் சொல்லமாட்டேன். பாயிண்ட் தேயும், அது தேயாது. ஆனால் இன்ஜின் ஓடாமல் சாவியை மட்டும் போட்டு வைத்தால் சில மாட்யூல் சூடாகிச் செத்துவிடும். செத்தால் செத்ததுதான். ராத்திரி பத்து மணிக்குத் திருமயம் ரோட்டில் நின்றால் பாயிண்டை உப்புத்தாளில் தேய்த்துவிட்டு வீடு வந்து சேரலாம், மாட்யூலைத் தேய்க்க முடியாது.

பள்ளத்தூர்த் தம்பி, வண்டி ஸ்டார்ட் ஆனதோடு வேலை முடியவில்லை. அந்த வளையத்தை மேலே போட்டது மெக்கானிக். வண்டி நின்றது அதற்கு முந்தின நாள். அன்று ஏன் நின்றது?

பள்ளத்தூர்க்காரன் | ஞாயிறு, காலை 11.30

அண்ணே, காலையில் எடுத்துப் புதுவயல் வரை போனேன். ஆக்ஸிலேட்டரை விட்டு மிதிக்கும்போது மறுபடி இருமுகிறது. நிற்கவில்லை, பயந்துகொண்டு திருப்பிவிட்டேன்.

தேவகோட்டை பட்டறை | ஞாயிறு, மதியம் 12.10

நான் எதிர்பார்த்ததுதான். டிஸ்ட்ரிபியூட்டரின் பக்கவாட்டில் தட்டையான டப்பா ஒன்று இருக்கும், அதிலிருந்து மெல்லிய குழாய் கார்புரேட்டருக்குப் போகும். வேக்குவம் அட்வான்ஸ். சீராக ஓடும்போது உறிஞ்சல் அதிகம், டப்பா பாயிண்ட் தட்டை இழுத்து ஸ்பார்க்கை முன்கூட்டி அடிக்க வைக்கும். ஆக்ஸிலேட்டரை முழுக்க மிதித்தால் உறிஞ்சல் குறையும், தட்டு திரும்பி வரும். ஆக, நீங்கள் காலை எடுத்து வைக்கும் ஒவ்வொரு தடவையும் அந்தத் தட்டு அசைகிறது. அதோடு தட்டிலிருக்கும் வயர்களும் வளைந்து நிமிர்கின்றன.

அந்த வயர்கள் இரண்டு. ஒன்று வெளியிலிருந்து கம்பத்துக்கு வருவது, இன்னொன்று தட்டிலிருந்து உடம்புக்குப் போகும் குட்டி எர்த் வயர். வளைந்து வளைந்து உள்ளே செம்பு இழைகள் அறுந்துபோகும், மேலே உறை மட்டும் முழுசாக இருக்கும். பார்த்தால் தெரியாது. மெக்கானிக் கை பட்டதும் அறுந்த முனைகள் மறுபடி தொட்டிருக்கும், அதனால்தான் நேற்று மீட்டரில் அகப்படவில்லை.

இப்படிச் செய்யுங்கள். இன்ஜின் ஆஃப், சாவி ஆன், பாயிண்ட் மூடியிருக்கட்டும். மீட்டர் சிபி-யில், பூஜ்யத்துக்குப் பக்கமாகக் காட்டும். கார்புரேட்டர் பக்கம் அந்தக் குழாயைக் கழற்றி வாயில் வைத்து உறிஞ்சுங்கள். தட்டு நகர்வது கண்ணுக்குத் தெரியும். நகரும்போது மீட்டர் 12-க்கு எகிறினால் வயர்தான். ரொம்ப நேரம் சாவி போட்டு வைக்காதீர்கள், காயில் சூடாகும்.

கோட்டையூர் 1100 | ஞாயிறு, மதியம் 12.25

குழாய் முனையைத் துடைத்துவிட்டு உறிஞ்சவும். ஞாயிற்றுக்கிழமை கோழிக்குழம்புக்கு முன்னால் பெட்ரோல் ருசி வேண்டாம்.

பள்ளத்தூர்க்காரன் | ஞாயிறு, மதியம் 1.50

உறிஞ்சினேன். தட்டு நகர்ந்தது, மீட்டர் 0.2-லிருந்து 12.4-க்குத் தாவியது. விட்டால் மறுபடி 0.2. பக்கத்து வீட்டு அண்ணனையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

வெளியிலிருந்து வரும் வயர்தான். வெளியே எடுத்து இரண்டு முனையையும் பிடித்து மெல்ல இழுத்தேன். நடுவில் ஓரிடத்தில் உறை மட்டும் ரப்பர் மாதிரி நீண்டது. பிளேடால் கீறிப் பார்த்தால் உள்ளே ஒரே ஒரு இழை பச்சை பூத்து நிற்கிறது, மற்றதெல்லாம் பொடி.

சென்னை கிளாசிக் | ஞாயிறு, மதியம் 2.20

ஆக, மாட்யூல் போட்டிருந்தால் அந்த வயரும் போயிருக்கும், புஷ்ஷும் போயிருக்கும், இரண்டு கோளாறும் ஒரே அடியில் தீர்ந்திருக்கும். நான் சொன்னது சரிதானே?

தேவகோட்டை பட்டறை | ஞாயிறு, மதியம் 3.00

சரிதான், ஓடியிருக்கும். ஏன் நின்றது என்று யாருக்கும் தெரிந்திருக்காது, அவ்வளவுதான். மாட்யூல் போட்டாலும் அந்தக் குட்டி எர்த் வயர் பழையதாகவே இருக்கும். பல மாட்யூல்கள் அதே தட்டு வழியாகத்தான் எர்த் எடுக்கின்றன.

தம்பி, இரண்டு வயரையும் மாற்றுங்கள். வீட்டு வயரிங்கில் போடுகிற கம்பி வேண்டாம், ஒரு மாதத்தில் அறுந்துவிடும். மயிரிழை மாதிரி நிறைய இழை உள்ள சிலிக்கான் உறை வயர் கேளுங்கள், மல்டிமீட்டர் முனைக்குப் போடுவார்களே, அது. ஈயம் வைக்கும்போது வளையத்துக்குப் பக்கத்தில் மட்டும் வையுங்கள். ஈயம் உள்ளே ஊறினால் அந்த இடம் விறைத்து அங்கேயே ஒடியும். தட்டு கடைசி வரை நகர்ந்தாலும் இழுபடாத அளவுக்கு நீளம் விடுங்கள், கேமில் (பாயிண்டைத் திறக்கும் நடுத் தண்டு) உரசும் அளவுக்கு வேண்டாம்.

டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றினால் டைமிங் திரும்ப வைக்க வேண்டும். முதல் சிலிண்டர் கம்ப்ரஷனில், புல்லிக் குறி கையேட்டில் உள்ள டிகிரிக்கு. பல்பை சிபி-க்கும் எர்த்துக்கும் நடுவில் மாட்டி, சாவியைப் போடுங்கள். இந்த இன்ஜினில் ரோட்டர் கடிகாரத்துக்கு எதிராகச் சுற்றும், ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்களில் பொறி விழும் வரிசை) 1-3-4-2. டிஸ்ட்ரிபியூட்டர் உடம்பை முதலில் அதே திசையில் பல்பு அணையும் வரை திருப்பி, பிறகு கடிகாரத் திசையில் மெல்லத் திருப்புங்கள். பல்பு எரியத் தொடங்கும் இடத்தில் இறுக்குங்கள்.

ஈப்போ ரிட்டர்ன் | திங்கள், காலை 6.30

புது ரோட்டரையும் நம்ப வேண்டாம். இப்போது வருகிற சில ரோட்டரில் பித்தளைத் தகட்டைப் பிடிக்கும் ரிவெட் நீளம், அது வழியாகப் பொறி உள்ளே இருக்கும் தண்டுக்குத் தாவிவிடும். கேப்பைக் கழற்றிவிட்டு, காயிலின் நடு வயரை ரோட்டர் தகட்டுக்கு மேல் 3 மில்லிமீட்டர் தள்ளிப் பிளையரால் பிடித்து, சாவியைப் போட்டுப் பாயிண்டை விரலால் திறந்து மூடுங்கள். பொறி ரோட்டரில் பாய்ந்தால் ரோட்டர் ஓட்டை. பாயாவிட்டால் நல்லது.

இயற்பியல் வாத்தியார் | திங்கள், காலை 9.00

புதுக் காயிலின் ஓம்ஸ் இன்னும் வரவில்லை.

பள்ளத்தூர்க்காரன் | திங்கள், மாலை 6.40

இரண்டு வயரும் மாற்றியாயிற்று. சிலிக்கான் வயர் காரைக்குடியில் எலக்ட்ரானிக்ஸ் கடையிலேயே கிடைத்தது. உறிஞ்சிப் பார்த்தேன், மீட்டர் அசையவில்லை. ரோட்டரில் பொறி பாயவில்லை. பல்பு வைத்தே டைமிங் வைத்தேன். மதிய வெயிலில் திருமயம் கோட்டை வரை போய்த் திரும்பினேன், ஒரு இருமல்கூட இல்லை.

ஆனால் வந்து தொட்டுப் பார்த்தால் காயில் கை வைக்க முடியாத சூடு. சார் கேட்டபடி அளந்தேன். புதியது 1.5 ஓம்ஸ், கழற்றி வைத்த பழையது 3.1.

இயற்பியல் வாத்தியார் | திங்கள், மாலை 7.05

இதற்குத்தான் கேட்டுக்கொண்டே இருந்தேன். 1.5 ஓம்ஸ் காயில், பாலஸ்ட் ரெசிஸ்டர் (காயிலுக்குப் போகும் கரண்டைக் குறைக்கும் தனித் தடை) உள்ள வண்டிக்கானது. உங்கள் வண்டியில் ரெசிஸ்டர் இல்லை. 4 ஆம்பியர் ஓட வேண்டிய இடத்தில் 8 ஓடுகிறது. காயில் வேகும், புதுப் பாயிண்டும் சீக்கிரம் கருகும். பழைய காயிலில் ஒரு குறையும் இல்லை, அதையே மாட்டுங்கள்.

பள்ளத்தூர்க்காரன் | திங்கள், இரவு 8.50

மாட்டிவிட்டேன் சார். அரை மணி நேரம் ஐடிலில் விட்டுப் பார்த்தேன், வெதுவெதுப்புத்தான். பாலஸ்ட் வண்டி வைத்திருப்பவர்கள் யாருக்காவது 1.5 ஓம்ஸ் காயில் வேண்டுமென்றால் சொல்லுங்கள், பாதி விலைக்குத் தருகிறேன்.

கோட்டையூர் 1100 | திங்கள், இரவு 9.02

எடுத்து வையுங்கள் தம்பி, நாளைக் காலை அந்தப் பக்கம் வருகிறேன். வண்டியையும் ஒரு சுற்று ஓட்டிப் பார்க்க வேண்டும்.